காப்பித்தூளுக்குக் கீழே

நான் நர்ஸாக இருக்கும் திருவண்ணாமலை மருத்துவமனைக்கு இன்று காலை ஓர் அம்மா, கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையைத் தூக்கி வந்தார். புடைத்த நெற்றியில் காப்பித்தூள் அப்பியிருந்தது. அந்த வாசனை என்னைக் கீழ்பென்னாத்தூருக்குக் கொண்டுபோனது.

அப்போது என் தங்கை செல்விக்கு மூன்று வயது. வேர்க்கடலை மூட்டை அடுக்கிலிருந்து தலைகுப்புற விழுந்தாள். அம்மா காப்பித்தூளை வைத்து அழுத்தினாள். "ரத்தம் வரல, பயந்துட்டா. தூங்கினா சரியாயிடும்."

செல்வி எழுந்து எழுந்து வாந்தி எடுத்தாள். பிறகு கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. அப்பா அவளை வேனில் ஏற்றினார், அம்மாவோடு நானும் தொற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில், "எத்தனை வாட்டி வாந்தி எடுத்தா?" என்று டாக்டரம்மா கேட்டதும் அப்பாவும் அம்மாவும் திருதிருவென்று விழித்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனவள் நான், மூன்றாம் வகுப்பு. கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "மூணு வாட்டி, டீச்சர்."

"சரியா எண்ணியிருக்கியே!" என்றவர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அன்றே வேலூருக்கு அனுப்பி, பாதித் தலையை மழித்து ஆபரேஷன் செய்தார்கள். செல்வி பிழைத்தாள்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள்: "என்னாடி, பாதி மொட்டைதான் வேண்டிக்கினீங்களா?" அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

இன்று வந்த அம்மா சொன்னார்: "ரத்தமே வரலீங்க சிஸ்டர். ஆனா வாந்தி எடுத்தா, மனசு கேக்கல, தூக்கினு வந்துட்டேன்."

"நல்லதா போச்சும்மா."

ஸ்கேன் அறைக்குள் போனதும் குழந்தை வீறிட்டது. அம்மா பதறினார்.

"கத்தட்டும்மா," என்றேன். "இப்படிக் கத்துற கொழந்தைனா எங்களுக்குப் பாதி பயம் கம்மி."