கேட் வரைக்கும் வராத ஓட்டோ

பிளாட்ஸ் மனேச்சர் எண்டால், ஊரார் வெட்டின ரோட்டுக்கும் தான் பேச்சு வாங்கிற ஆள். வெட்டிப் போட்ட ஒழுங்கையில செருப்பைக் கையில பிடிச்சு நடந்த உங்களுக்கு நான் பெரிசாய் விளக்கத் தேவையில்லை.

தேங்காய்

எங்கட கட்டிடம் வெள்ளவத்தையில, காலி வீதி எண்ட பெரிய ரோட்டில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில. கீழ கடை, நடுவில ஒபீஸ், மேல வீடுகள். ஒழுங்கைக்குத் தார் ஊத்திக் கார்பெட் போட்ட அண்டைக்கு எங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். கேட்டடியில கற்பூரம் கொளுத்தித் தேங்காயும் உடைச்சம். கொஞ்ச நாளில தண்ணிக் குழாய்க்காரர் வந்து வெட்டிச்சினம். அவை மூடிப்போட்டுப் போக டெலிபோன்காரர். கீழ புடவைக்கடை வைச்சிருக்கிற முஸ்லிம் நானா வாசலில நிண்டு பாத்தார்.

"அவசரப்பட்டுட்டீங்க மனேஜர். எல்லாரும் வெட்டி முடிஞ்ச பொறகு தேங்காய ஒடைச்சிருக்கலாம்."

பலகை

பிறகு மலக்குழாய்க்கு வெட்டினது பெரிய கிடங்கு, ஆள் தாழுற பள்ளம். பக்கத்தில எழும்பிற புதுக் கட்டிடங்களுக்கும் சேர்த்தாம். ஓட்டோ எல்லாம் காலி வீதியோட நிண்டிடும். ஆக்கள் பலகையில கிடங்கைக் கடந்து வரவேணும்.

மூண்டாம் மாடி சிவபாலன் அண்ணைக்கு ரெண்டு கிட்னியும் ஏலாது. ரத்தம் சுத்தம் செய்ய ஒவ்வொரு கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். கதிரையில இருத்தித் தூக்கிக்கொண்டுபோக செக்யூரிட்டி ரெண்டு பேரை ஒழுங்கு செய்தன். அந்த மனிசன் கதிரையைப் பாத்த உடன முகத்தைத் திருப்பிப்போட்டார். தன்ர மனுசி மங்கை அக்காவின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு பலகையில கால் வைச்சார். கிடங்குக்குள்ள வேலை செய்த சிங்களப் பொடியன், "ஹெமின் அங்கிள், ஹெமின்" எண்டு மெதுவாய்ப் போகச் சொல்லிப் பலகையை அமத்திப் பிடிச்சான். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிப்போட்டுத்தான் அண்ணை கதைச்சார்.

"தம்பி, உயிரோட இருக்குமட்டும் என்னை ஒருத்தரும் தூக்கவேண்டாம்."

ஒபீஸில

அதுக்குப் பிறகு மலக்குழாய் வேலையைப் பாக்கிற ஒபீஸுக்கு நான் நாயாய் அலைஞ்சன். ஒரு ஓட்டோ போற அகலத்துக்கு எண்டாலும் மூடித் தாங்கோ, ஒரு வருத்தக்காரர் இருக்கிறார் எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில கெஞ்சினன். அங்க இருந்த அதிகாரி நல்ல மனிசன்தான். தேத்தண்ணியும் தந்தார். குழாய் இன்னும் வந்து சேரேல்லையாம். தமிழும் கொஞ்சம் கதைப்பார்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. ரோட்டு வந்தா அவருக்கும் நல்லம்தானே."

தூக்கினது

குழாய் வர முந்தி அண்ணை ஆஸ்பத்திரியிலயே போயிட்டார். பிளாட்ஸ்காரர் எல்லாரும் செய்யிற மாதிரி பிரேதம் வைக்கிற மலர்ச்சாலையில வைச்சு எடுப்பம் எண்டு பிள்ளையள் சொல்லிச்சினம். மங்கை அக்கா ஒரே பிடியாய் நிண்டா, அவரை ஒருக்கா வீட்டுக்குக் கொண்டு வரவேணும் எண்டு. பிரேத வண்டியும் காலி வீதியோட நிண்டிட்டுது. கிடங்குக்கு மேல பலகையளை நெருக்கி அடுக்கித் தந்தது அந்த வேலைக்காரப் பொடியள்தான். நானும் ஒரு பக்கம் தோள் குடுத்தன். லிப்டுக்குள்ள பெட்டி போகாது எண்டு அண்டைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. மூண்டு மாடியும் படியாலதான் ஏத்தினம். மங்கை அக்கா பின்னால வந்துகொண்டு அவரோட கதைக்கிற மாதிரித்தான் சொன்னா.

"தூக்கவேண்டாம் எண்டு எத்தினை சண்டை பிடிச்சனீங்கள். இண்டைக்கு ஒரு சொல்லும் சொல்லுறியள் இல்லை."

கார்பெட்

அண்ணையின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முந்தி கார்பெட் போட்டு முடிஞ்சுது. தேங்காய் உடைக்கிற கதையை நானாவும் எடுக்கேல்லை. அந்தியேட்டி முடிஞ்சு வந்த மங்கை அக்கா, காலி வீதியிலயே ஓட்டோவை நிப்பாட்டி இறங்கினா. நான் ஓடிப்போய், இப்ப கேட் வரைக்கும் வரும் அக்கா, இருங்கோ எண்டன். அவ கேட்கேல்லை.

"அவர் நடந்த தூரம்தானே தம்பி. நானும் நடந்தே வாறன்."

தண்ணி, டெலிபோன், மலக்குழாய், கார்பெட் எண்டு எங்கட ஒழுங்கைக்கு இப்ப எல்லாம் வந்திட்டுது, கேட்டடியில ஓட்டோ ஏற ஒரு ஆள்தான் குறை.