இரண்டு பேருக்கு ஒரு டிக்கெட்

என் அக்காவும் மாமாவும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு கால்பந்து ஆட்டத்தைக்கூடப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. சண்டையெல்லாம் இல்லை. இருக்கிற காசுக்கு டிக்கெட் ஒன்றுதான் வாங்குவார்கள். முதல் பாதி அக்காவுக்கு, அடுத்த பாதி மாமாவுக்கு. பழைய மைதானத்தில் வாசல் காப்பவர் இவர்களுக்குப் பழக்கம். இடைவேளையில் அக்கா வெளியே வருவாள், அதே டிக்கெட்டோடு மாமா உள்ளே போவார். வீட்டுக்கு நடக்கிற வழியில் ஆளுக்குப் பாதி சொல்லி முழு ஆட்டத்தையும் ஒப்பேற்றிவிடுவார்கள். அக்கா சொன்னால் பந்து கண்ணெதிரே உருளும்.

மாமா பேக்கரியில் மாவு பிசைகிறவர். தெருவில் அவருக்குப் பெயர் 'வெள்ளைப் புருவம்'. எத்தனை தடவை முகம் கழுவினாலும் புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். அது புருவத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை, நெஞ்சுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. போன வருடம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இனி மருந்து கேட்காது என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். அக்கா மாமாவிடம் சொல்லவில்லை. மாமாவும் தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் அணி முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஆட்டம் பழைய மைதானத்தை இடித்துக் கட்டிய புது அரங்கத்தில். இருப்பதிலேயே மலிவான டிக்கெட் மாமாவின் இரண்டு மாதச் சம்பளம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு பேர் ஓடுவதைப் பார்க்க இவ்வளவு பிடுங்குவார்களா?

"எங்க வீட்டு டிவியில காலை நீட்டிப் பாருங்களேன் மாமா" என்றேன்.

"அந்தச் சத்தத்துக்கு நடுவுல ஒரு தடவை உக்காரணும் மச்சான். அவ்வளவுதான்."

அக்கா ஃப்ரிட்ஜுக்குச் சேர்த்ததை எடுத்து ஒரு டிக்கெட் வாங்கினாள். "இந்தத் தடவை முழுசா நீங்களே பாருங்க" என்றாள். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "நீ பாக்காம எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? எப்பவும் போல நீ முதல்ல போ."

அன்று அக்கா உள்ளே போக, நானும் மாமாவும் வாசலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தோம். இடைவேளைக்குச் சற்று முன்னால் அரங்கமே அதிர்ந்தது. "கோல். நம்ம பசங்கதான்" என்று மாமா என் தொடையில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து டிக்கெட்டை அவர் கையில் திணித்தாள்.

வாசலில் ஆள் இல்லை, மெஷின் இருந்தது. மாமா டிக்கெட்டை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒரு தடவைதான் சார் உள்ள போகலாம்" என்றார் பக்கத்தில் நின்ற காவலாளி.

"நான் வரலை தம்பி, இவரை மட்டும் விடுங்க. இவருக்காகத்தான் வெளிய வந்தேன்" என்றாள் அக்கா.

"வெளிய வந்துட்டா நீங்களே திரும்பப் போக முடியாதும்மா."

நான் கத்தினேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு மச்சான். அவர் வேலை அது."

மூவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா அக்காவைப் பார்த்து, "சரி, அந்த கோல் எப்படி விழுந்துச்சு, சொல்லு" என்றார்.

அக்கா ஒரு கணம் தயங்கினாள். "மூலையிலிருந்து பந்து வந்துச்சுங்க. நம்ம ஆளு எகிறித் தலையால முட்டினான் பாருங்க, கோல்கீப்பர் நின்ன இடத்துலயே நின்னுட்டான்."

மாமா கண்ணை மூடிக் கேட்டார். திரும்பவும் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு கோல் எதுவும் விழவில்லை. அந்த ஒரே கோலில் நாங்கள் கோப்பையை வென்றோம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கூட்டத்துல மாட்டிக்கிட்டா அவருக்கு நேரமாயிடுமேன்னு முன்னாடியே எழுந்துட்டேன்டா. கோல் விழுந்தப்ப நான் படியில இறங்கிட்டிருந்தேன். எதையும் பாக்கலை."

மறுநாள் காலையில் இருவரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டிவியில் அந்தக் கோலைக் காட்டினார்கள். எங்கள் ஆள் தூரத்திலிருந்து இடது காலால் உதைத்தான். பந்து தரையோடு தரையாக உருண்டு வலைக்குள் போனது. மெதுவாக ஓடவிட்டு இன்னொரு தடவையும் காட்டினார்கள். அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

மாமா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நீ சொன்ன மாதிரியேதான். என்னமா முட்டியிருக்கான்."

அக்கா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அடுத்த மாதம் அவர் போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை.