மாமா போட்டுக்கொண்ட ஊசி

அத்தை மூன்றாம் முறை கர்ப்பமானபோது எனக்கு ஒன்பது வயது. முந்தைய இரண்டும் தங்கவில்லை. ஒன்று உயிரில்லாமல் பிறந்தது. மற்றது ஒரு மாதம்கூட இருக்கவில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள் இருமினால்கூட எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

இந்த முறை டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு, ஊசி அத்தைக்கு மட்டும் போதாது, மாமாவுக்கும் போட்டாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தை பக்கத்து ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டாள். ஆண்களுக்கு அக்கரையில், எறணாகுளத்தில். மிளகுக் கிடங்கில் வேலை பார்த்த மாமாவைத் தனியாக அனுப்ப அவளுக்கு நம்பிக்கையில்லை. சனிக்கிழமைதோறும் காவலுக்கு என்னை அனுப்பினாள்.

முதல் சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசல்வரை போனோம். வரிசையில் கிடங்குக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவரைக் கண்டதும் மாமா என்னை இழுத்துக்கொண்டு எதிரிலிருந்த சாயாக்கடைக்குள் நுழைந்துவிட்டார்.

"கர்ப்பம் அவளுக்கு. ஊசி எனக்கா? நீயே சொல்லு மோனே, இது என்ன நியாயம்?"

மாவில் முக்கிப் பொரித்த நேந்திரம்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்த எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

"அத்தைகிட்ட மிண்டாம, வாயைத் திறக்காம இருந்தா வாராவாரம் பழம்பொரி. மிண்டினா அந்த ஊசி உனக்குத்தான், கேட்டியா?"

திரும்பிவந்து படகிலிருந்து இறங்கியதும் மாமா நொண்ட ஆரம்பித்தார். பெனிசிலின் போட்டால் இடுப்பு கடுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். என் தோளைப் பிடித்தபடி கடைத்தெரு முழுக்க நொண்டினார். வீட்டு வாசலில் கொஞ்சம் கூடுதலாக. அத்தை வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். "அய்யோ, பைய, பைய" என்று அவர் முனகியபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் ஊசிக்கு அவள் ஒத்தடம் வைத்து நான் பார்த்ததில்லை.

எல்லாச் சனிக்கிழமையும் இப்படியே சாயாக்கடையோடு திரும்பினோம். அத்தை என்னைத் தனியாகக் கூப்பிடுவாள்.

"போட்டாரா?"

"போட்டாரு."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

அவள் முகம் தெளியும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

குழந்தை உயிரோடுதான் பிறந்தது. ஆனால் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் உரிந்திருந்தது. மூக்கு ஓயாமல் ஒழுகியது; பால் குடிக்கும்போது மூச்சுத் திணறியது. சுவரில் காதை வைத்தால் அந்தக் கொறகொறப்பு கேட்கும். நின்றால் காதை எடுக்காமல் காத்திருப்பேன். மறுபடி கேட்டால்தான் எழுந்து போவேன். ஒரு மத்தியானம் நின்றது, மறுபடி கேட்கவில்லை.

அந்த நோயின் பெயர் சிபிலிஸ் என்பதைக் கல்லூரியில் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். கணவனுக்கு மருந்து போகாவிட்டால் குணமான மனைவிக்கும் அது திரும்ப வரும்; அவளிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். மாமாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அத்தையின் வயிற்றைப் பற்றித்தான் பேசினார்கள்.

காரியங்கள் முடிந்தபின் அத்தை என்னை அருகில் உட்காரவைத்தாள். மாமா அடுத்த அறையில் படுத்திருந்தார்.

"உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன். மாமா நெசமாவே ஊசி போட்டுக்கிட்டாரா?"

பழம்பொரிக்காக இல்லை. உண்மையைச் சொன்னால் வீடு இரண்டுபட்டுவிடும் என்று பயந்தேன்.

"எல்லா வாரமும் போட்டாரு அத்தை. நான் பாத்தேன்."

அவள் அடிவயிற்றில் கையை வைத்தாள்.

"அப்போ என் ஒடம்புதான்" என்றாள்.

பெரிய சண்டை ஒன்றைத் தடுத்துவிட்ட நிம்மதியில் நான் விளையாடப் போனேன்.