சட்டைப்பையில் இருந்த பச்சைக் கண்ணாடி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசிக் காலையில், அறந்தாங்கியை விட்டு மீமிசல் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான்; ஒரு வேலையில் ஆறு மாதம் தங்கினால் அதிகம். அன்று விட்டுவந்தது ஒரு பாத்திரக்கடை. சீர்ப் பாத்திரங்களில் லேசர் மெஷினால் பெயர் பொறிப்பது என் வேலை. சும்மா சொல்லக்கூடாது, பிடித்த வேலை. எவர்சில்வர் குடத்தில் சரசரவென்று எழுத்து விழுவதையும், வாங்க வந்தவர்கள் அதைத் தடவித் தடவிப் பார்ப்பதையும் இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

முந்தின நாள் ஒரு குடத்தில் 'ழ' சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்த்தேன். வலது கண்ணுக்குள் 'டப்' என்று ஏதோ தெறித்தது போலிருந்தது. வலி இல்லை. அதன்பின் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. கண் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும் என்று நினைத்தேன். கடைக்கார அக்காவிடம் ஊருக்குப் போவதாக மட்டும் சொன்னேன். வெயிலுக்கு ஆகட்டும் என்று மெஷினோடு வந்த பச்சைக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். வேலை செய்யும்போது ஒருநாளும் அதை மாட்டியதில்லை.

ஐஸ் கட்டி ஏற்றிய வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"என்னண்ணே, கூலிங் கிளாஸெல்லாம் போட்டுக்கிட்டு நடுரோட்டுல போறீங்க? மாப்பிள்ளை ஊர்வலமா?" என்றார் டிரைவர்.

ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பொட்டைப் பற்றிச் சொன்னேன். இடது கண்ணை மூடிக்கொண்டு தன்னைப் பார்க்கச் சொன்னார்.

"ஒங்க மூக்கக் காணோம்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"ஐஸு கரைஞ்சாக் கரையட்டும்" என்று வண்டியைத் திருப்பினார்.

அறந்தாங்கிக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் வேலையைக் கேட்டுவிட்டு, வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். "அந்த லேசர் மெஷின்ல தெரியுற சிவப்புப் புள்ளி சும்மா அடையாளத்துக்கு. சுடுற ஒளி கண்ணுக்கே தெரியாது. விட்டு விட்டு வரும், நீங்க இமைக்கிறதுக்குள்ள ஆயிரக்கணக்குல வந்துரும். அது குடத்துல பட்டுத் திரும்பி விழித்திரையில விழுந்திருக்கு. சூடு பரவக்கூட நேரமில்லாம அந்த இடம் வெடிச்சுப்போகும். அங்க வலி தெரியாது. கண்ணாடி குடுக்கலையா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"கடையில வேற இருக்கா?"

"இல்லைங்க, இது ஒண்ணுதான்."

"அப்ப இந்நேரம் அந்த மெஷின்ல யாரு உக்காந்திருக்கா?"

கல்யாண மாதம், மெஷின் சும்மா நிற்காது. வெளியே காத்திருந்த டிரைவரிடம் சொன்னதும் வண்டியைக் கடைக்கு விட்டார். கடைக்குள் நுழைந்தபோது, நான் குனிந்த மாதிரியே அக்கா குனிந்திருந்தார். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏன்ப்பா, பஸ்ஸு கெடைக்காத கோவத்த மெஷின்லயா காட்டுவ? பொண்ணு பேரு பாதியில நிக்குது!"

விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஒவ்வொரு கண்ணாக மூடி டிரைவரைப் பார்த்தார்.

"தெரியுது. ரெண்டுலயும் தெரியுது."

"நல்லாப் பாருங்கக்கா, மூக்கு இருக்கா?" என்றார் அவர்.

மாலையில் டாக்டரம்மாவும் பார்த்து, அக்கா கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார்.

அக்கா என்னைக் கடையிலேயே இருக்கச் சொன்னார். எனக்கு அந்த மெஷின் முன் உட்காரத் தைரியம் வரவில்லை. கண்ணாடியை அதன் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலை அரிமளம் பக்கம், லாரியில் தைலமரக்கட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். கட்டையைத் தோளில் தூக்கி நடக்க ஒரு கண் போதும். பொட்டு இன்னும் இருக்கிறது, பழகிவிட்டது. ஆனால் டாக்டரம்மா அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு மட்டும் எனக்கு இன்றுவரை பழகவில்லை.