பழைய லென்ஸில்தான் கோளாறு

புது கேமரா ஒன்று வரப்போகிறது என்ற அறிவிப்பைச் செல்போனில் படித்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் வகை டிஜிட்டல் கேமரா. என்னிடமுள்ள பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸ்களை அதில் மாட்டலாம். ஆனால் முன்கூட்டியே அவற்றைத் தயார்படுத்த வேண்டும். பின்பக்க வளையத்தைக் கழற்றிவிட்டுப் புள்ளி வைத்த புது வளையம் போட வேண்டும். அந்தப் புள்ளிகளைப் படித்துத்தான் எந்த லென்ஸ் என்று கேமரா தெரிந்துகொள்ளுமாம். கூடவே, பழைய லென்ஸ்களில் ஃபோகஸ் நகர்ந்துபோயிருக்கலாம், அதையும் சரிசெய்துகொள்ளுங்கள் என்று போட்டிருந்தார்கள். அப்பாடா! பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச காலமாகவே நான் எடுக்கும் படமெல்லாம் சொதப்பல். வாசலூர்பட்டி ஏரியில் படகில் போகிறவர்களை எடுத்தால், முகம் கலங்கி, பின்னாலுள்ள மரம் பளிச்சென்று விழுகிறது என்பாள் மனைவி. முதலில் பனிமூட்டத்தின் மேல் பழி போட்டேன். கொல்லிமலையில் பனிக்கு என்ன பஞ்சம்? ஆனால் நல்ல வெயிலில் எடுத்த படமும் அதே லட்சணத்தில் வந்தது. ஒன்று, லென்ஸ் கெட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் கண்.

ரேஞ்ச்ஃபைண்டர் வகை கேமராவில் கண்ணை ஏமாற்ற முடியாது. உள்ளே பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்துவிட்டது என்று நம் கண்தான் சொல்ல வேண்டும். கேமரா சொல்லாது.

லென்ஸாக இருந்துவிட வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த பிறகு அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் கூட்டிப்போய் வந்தவன் நான். இன்றைக்கும் கண் ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போய் நடப்பேன். எனக்கும் அப்படி ஆகிவிட்டால் கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கேமராவை விடுங்கள், கொண்டை ஊசி வளைவில் பைக்கை எப்படி ஓட்டுவேன்?

புது கேமராவைச் சிங்கப்பூரிலிருக்கும் தம்பி தன் பெயரில் பதிவு செய்துவிட்டான். லென்ஸ் இரண்டையும் சென்னையிலுள்ள ஒரு ரிப்பேர்க்காரருக்கு அனுப்புவது என் பொறுப்பு. பஞ்சு சுற்றி, துணி சுற்றி, மூடி போட்ட ஒரு எவர்சில்வர் பாத்திரத்துக்குள் வைத்தேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்ர போசியத்தான் அனுப்போணுமா? ஊட்டுல அட்டைப்பெட்டியே இல்லீங்களா?"

"அட்டைப்பெட்டி நசுங்கிப்போச்சுன்னா நீயா வந்து சரி பண்ணுவே?"

"நானா எதுக்கு, நீங்களே கத்திக் கத்தி அதை நிமித்திருவீங்க."

செம்மேட்டில் கூரியரைக் கொடுத்துவிட்டு, வெளியே பஸ் ஸ்டாண்டில் நின்றபடி ரிப்பேர்க்காரருக்குப் போன் செய்தேன். சிக்னல் வந்து வந்து போனது. அதனால் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. "ஆமாங்க, ரெண்டு லென்ஸும் பழசு. ஒண்ணுமே தெளிவா தெரியல, எல்லாம் மங்கல். ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்திருங்க. வலி தாங்கலீங்க, சீக்கிரம் பண்ணுங்க!" மனவலியைத்தான் சொன்னேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். சத்தம் போட்டதற்காகப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெண்டு நாள் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துக் காட்டுக்காரர் மனைவியோடு வந்தார். மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். நான் சமவெளியிலிருந்து மாற்றலாகி இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து பழக்கம். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம், ஒரு பாட்டில் தேன். உட்கார்ந்ததும் அந்தம்மா என் மூக்குக்கண்ணாடியையே உற்றுப் பார்த்தார்.

"கறுப்புக் கண்ணாடி போடலீங்களா சார்?"

"எதுக்குங்க?"

"லென்சு வெச்சா போடச் சொல்லுவாங்களே. எங்க அண்ணனுக்கு வெச்சப்ப ஒரு மாசம் கழட்டவே உடல."

அவர் புருஷன் குறுக்கே புகுந்தார். "ரெண்டு கண்ணையும் ஒரே நேரத்துல பண்ணச் சொன்னீங்களாமே. அப்புடிப் பண்ண மாட்டாங்களேங்க. ஒண்ணு ஆறினதுக்கப்புறந்தானே இன்னொண்ணு?"

அடக் கடவுளே! இந்தப் பக்கத்தில் லென்ஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். கண் புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கிறார்களே, அதுதான். பஸ் ஸ்டாண்டில் நான் கத்தியது மலை முழுக்கப் போயிருக்கிறது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"கேமரா லென்ஸுங்க! கேமரா! என் கண்ணு நல்லாத்தான் இருக்குது!"

ஒரு நிமிஷம் திகைத்தவர்கள் அப்புறம் சிரித்தார்களே பார்க்க வேண்டும். அந்தம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க, குனியாதீங்க, புகையிருக்கிற அடுப்பங்கரைப் பக்கம் போகாதீங்க என்று சொல்வதற்காகவே வந்தாராம். கிளம்பும்போது அந்தம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்:

"அப்பக் கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? "தேனு நல்லா கெட்டியா இருக்குங்க" என்றேன்.

அடுத்து ரிப்பேர்க்காரரிடமிருந்து போன் வரும்வரை சோறு இறங்கவில்லை. ஆபீஸில் பைலை விரித்தால் எழுத்துகள் கலைந்து தெரிகிறதா, அல்லது நான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா என்று சோதிப்பதே வேலையாகிப்போனது. சுவரில் மாட்டிய காலண்டரை ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். அப்புறம் அடுத்த கண்ணை. யாராவது உள்ளே வந்தால் கண்ணைக் கசக்குவதுபோல் நடிப்பேன்.

ஒருவழியாகப் போன் வந்தது. "வளையம் ரெண்டும் மாத்தியாச்சு சார். புள்ளியும் வெச்சாச்சு. நாளைக்கு அனுப்பிடறேன்."

"ஃபோகஸ்?"

"அதுல கை வைக்கல சார். கச்சிதமா இருக்கு."

"அதெப்படி இருக்கும்? இன்னொரு தரம் நல்லாப் பாருங்க. உங்களுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது."

"நான் எங்க சார் பாத்தேன், மெஷின்ல வெச்சு டெஸ்ட் பண்ணதுதான்."

போனை வைத்தேன். ஆனாலும் மனசு லேசுப்பட்டதா? உடனே ஒரு வழி கண்டுபிடித்தது. லென்ஸ் நன்றாக இருக்கிறதென்றால் பழைய கேமராவுக்குள்தான் கோளாறு. எத்தனை வருஷப் பெட்டி அது, எத்தனை தரம் கீழே விழுந்திருக்கும்! புது கேமரா வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று மனைவியிடம் சொன்னேன். "மொதல்ல என்ர போசி வரட்டும்" என்றாள்.

தம்பியின் சிநேகிதர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். சென்னையிலிருந்து திரும்பி வந்திருந்த லென்ஸை மாட்டினேன். புள்ளிகளைப் படித்து, எந்த லென்ஸ் என்பதைத் திரையில் காட்டிவிட்டது. காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது, பனி துளிகூட இல்லை. வாசலில் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியை நிமிரச் சொன்னேன். கட்டத்துக்குள் அவள் இரண்டாகத் தெரிந்தாள். திருப்பினேன். ஒன்றாகிவிட்டாள் என்றுதான் தோன்றியது. அமுக்கினேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் தெரிந்தது.

"எப்படி இருக்கு, பாரு" என்று நீட்டினேன்.

அவள் பார்த்தாள். "செவுத்துல இருக்கற வெடிப்புக்கூட அத்தனை சுத்தமா விழுந்திருக்குதுங்க." முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"புது வளையத்தைச் சரியா மாட்டியிருக்க மாட்டான் அந்த ரிப்பேர் ஆளு!" என்று ஆரம்பித்தேன்.

"குடுங்க இப்படி" என்று கேமராவை வாங்கிக்கொண்டாள். அதுவரை அவள் கேமராவைத் தொட்டதே இல்லை. "என்ன பண்ணோணும்?"

"நடுவுல ரெண்டா தெரியறேனா? வளையத்தைத் திருப்பு."

"ஆமா, ரெண்டு பேரு இருக்கறீங்க. ஒருத்தரைச் சமாளிக்கறதே பெரும்பாடு." திருப்பினாள். "ம், ஒண்ணாயிட்டீங்க. கண்ணை நல்லா முழிச்சுப் பாருங்க."

அமுக்கினாள். எனக்குச் சொல்லிக்கொடுக்க வேலையே இல்லாமல், செல்போன் பழக்கத்தில் திரையை அவளே விரலால் விரித்தாள். "அடேயப்பா! மீசையில ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுதுங்க!" என்று சிரித்தாள். இன்னும் விரித்தாள். சிரிப்பு நின்றுபோனது.

"ஏனுங்க."

"என்ன?"

"கருமணிக்குள்ள வெள்ளையா என்னமோ இருக்குதுங்க. ரெண்டு கண்ணுலயும். இங்க பாருங்க."

கேமராவை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கிட்டே வைத்துப் பார்த்தேன். எட்ட வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"எங்கே?"

"இதா, என்ர வெரலுக்குக் கீழயே இருக்குதுங்க."

விரல் தெரிந்தது. அதற்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை.