பூச்சியம் என்று எழுதிய ரிப்போட்

1. இரண்டு சாம்பிள்கள்

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லாபில் நான் சேர்ந்து மூன்றாவது மாதம். எண்பதுகளின் தொடக்கம். சளி, சிறுநீர், மலேரியாவுக்கு இரத்தம், இவைதான் அன்றாட வேலை. விந்துப் பரிசோதனை எப்போதாவதுதான் வரும். பிள்ளை இல்லையென்றால் பெண்ணைத்தான் கூட்டிவருவார்கள்.

ஆதம்பாவாவும் தானாக வரவில்லை. முப்பத்துநாலு வயது, சவளக்கடையில் வயல் செய்கிறவர். தடித்த மீசை, லாப் வாசலில் நின்று கதைத்தால் வார்ட்டுக்குக் கேட்கும். கல்யாணம் முடித்து ஏழு வருடம். அவருடைய உம்மா இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்திருந்தார். மனைவி சுலைஹா அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. முதலில் நீங்களும் ஒருதரம் சோதித்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"கெதியாப் பாத்துத் தாங்க தம்பி. எனக்கி ஒரு கொறையுமில்ல எண்டு அவவுக்குக் காட்டத்தான் வந்த" என்றார். அவருக்கு நான் தம்பி; எனக்கு அவர் காக்கா, அண்ணன் முறை.

மைக்ரோஸ்கோப்பில் ஒரு விந்தணுவும் இல்லை. என் கைப்பிழை என்று நினைத்தேன். சாம்பிளை சென்ரிபியூஜில் சுற்றி, அடியில் தங்கியதை எடுத்து மூன்று ஸ்லைட் போட்டேன். இல்லை. மூன்று கிழமை கழித்து இன்னொரு சாம்பிள் வேண்டும் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒங்களுக்குப் பாக்கத் தெரியாட்டி தெரிஞ்ச ஆக்கள்ட குடுங்க."

ஆனாலும் வந்தார். இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. 'எண்ணிக்கை: பூச்சியம்' என்று எழுதி, உறையை ஒட்டி சேர்ஜனுக்கு அனுப்பினேன்.

2. சேர்ஜனின் அறையில்

எங்கள் சேர்ஜன் அதிகம் கதைக்காத மனிதர். நோயாளியைப் படுக்கவைத்துப் பார்த்தார். விதைப்பை வெறுமையாக இருந்தது. விதைகள் இரண்டும் கீழே இறங்காமல், தொடையிடுக்கில் சின்னதாகக் கைக்குத் தட்டுப்பட்டன.

"இவ்வளவு நாளும் ஒருதருக்கும் காட்டேல்லையா?"

"நான் இப்பிடித்தான் டொக்டர். எல்லாருக்கும் இப்பிடித்தான் எண்டு நெனச்ச" என்றார் ஆதம்பாவா. அந்தக் குரல் அன்று வார்ட்டுக்குக் கேட்கவில்லை.

பிள்ளைக்காக இல்லாவிட்டாலும் அவற்றைக் கீழே இறக்கவேண்டும், மேலே விட்டால் பிற்காலத்தில் கட்டி வரக்கூடும், வந்தாலும் கைக்குத் தெரியாது என்றார் சேர்ஜன். ஒப்பரேஷனின்போது விதையிலிருந்து நெல்மணியளவு சதையும் எடுப்பதாகச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, "போமலினில போட்டிராத. சதை சுருங்கிப் போகும். போவின்ஸ் செய்து வை" என்றார். சதை கெடாமல் வைக்கும் அந்த மஞ்சள் திரவத்தை நான் முதன்முதலாகக் கலந்தது அவருக்காகத்தான்.

3. குழாய்கள்

சதை கொழும்புக்குப் போய், ஸ்லைட்டும் ரிப்போட்டுமாகத் திரும்பி வந்தது. சேர்ஜன் சொன்னபடி லாபில் வைத்து ஆதம்பாவாவுக்கும் சுலைஹாவுக்கும் காட்டினேன்.

விதைக்குள்ளே இருப்பவை நுண்ணிய குழாய்கள். குழாய்ச் சுவரை ஒட்டி மூல அணுக்கள் இருக்கவேண்டும். அவை பிரிந்து, மாறி, உள்நோக்கி நகர்ந்து, நடுவில் வால் முளைத்த விந்தணுவாகும். ஆதம்பாவாவின் குழாய்களில் மூல அணுக்கள் இல்லை. அவற்றுக்கு ஊட்டம் கொடுக்கும் செர்ட்டோலி அணுக்கள் மட்டும் வரிசையாக நின்றன, வளர்ப்பதற்கு ஒன்றுமில்லாமல். குழாய்ச் சுவர் தடித்திருந்தது.

காரணம் அன்று எனக்குப் பாதிதான் தெரியும். மீதியைப் பிறகு படித்தேன். பை உடலைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ச்சியானது; மூல அணுக்களுக்கு அந்தக் குளிர்ச்சி வேண்டும். பிறந்த முதல் மாதங்களில் குழந்தையின் ஆரம்ப அணுக்கள், ஆயுள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கக்கூடிய மூல அணுக்களாக மாறவேண்டும். விதை உள்ளே தங்கினால் அந்த மாற்றம் தடைப்படுகிறது. மாறாதவை கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. பதினான்கு வயதில் மூளை 'தொடங்கு' என்று ஹோர்மோன் அனுப்பும்போது, தொடங்குவதற்கு அங்கே அணுக்கள் இல்லை.

குழாய்களுக்கு இடையில் இருக்கும் லைடிக் அணுக்கள் சூட்டைத் தாங்கும். மீசையையும் குரலையும் கொடுப்பவை அவைதான். அதனால்தான் வெளியில் ஒரு குறையும் தெரியவில்லை.

இதை முடிந்தமட்டும் சொன்னேன். ஆதம்பாவா ஒற்றைக் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"வரம்பெல்லாம் பச்சையா இரிக்கி. வயலுக்குள்ள முளைப்பில்ல. அப்பிடித்தானே?"

"ஓம் காக்கா."

"இப்ப கீழ எறக்கினதால முளைக்குமா?"

"இல்ல காக்கா. காலம் போயிட்டுது."

அவர் கண்ணை எடுக்கவில்லை. சுலைஹா அவர் முதுகில் கை வைத்தார். நான் கழுவிய கண்ணாடிக் குழாய்களையே மறுபடியும் கழுவினேன்.

4. உம்மா

நாலைந்து நாள் கழித்து ஆதம்பாவாவின் உம்மா தனியாக வந்தார். மகன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"தம்பி, அந்த ரிப்போட்டக் கொஞ்சம் மாத்தி எழுதித் தரேலாதா? கொஞ்சமா இரிக்கி எண்டாவது போடுங்க. ஊருக்குள்ள என்ட மகன் எப்பிடி நடக்கிற?"

"ஏலாது உம்மா. இன்னொரு புள்ளயக் கல்யாணம் முடிச்சா அவவுக்கும் இதே கதிதான்."

அவர் வாங்கில் உட்கார்ந்து முக்காட்டால் வாயைப் பொத்தினார். பிறகு மெல்லச் சொன்னார்: "சுன்னத்து வெச்ச அண்டைக்கே ஒஸ்தா சென்னாரு, விதை எறங்கல்ல எண்டு. வளரக்குள்ள எறங்கும் எண்டும் சென்னாரு. நான் ஒருதருக்கும் செல்லல்ல."

சுன்னத்து வைக்கும் ஒஸ்தாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

"இளைய மகன்ட புள்ளைக்கி எட்டு மாசம். அவனுக்கும் ஒரு பக்கம் அப்பிடித்தான் இரிக்கி."

சேர்ஜன் கிளினிக்கை முடித்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அவரை வழியில் மறித்தேன். மறுநாளே குழந்தையைப் பார்த்தார். கொஞ்ச மாதம் காத்திருந்தும் இறங்காததால், இரண்டு வயதுக்கு முன்பே ஒப்பரேஷன் நடந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து இன்று தகப்பனாகிவிட்டான். ஒப்பரேஷனால்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், மற்றப் பக்கம் முதலே சரியாக இருந்தது.

5. சுலைஹா கேட்ட தாள்

இரண்டாம் கல்யாணப் பேச்சை ஆதம்பாவாவே நிறுத்தினார். உம்மா வீட்டில் எல்லாரும் இருக்க, "கொறை என்னிலதான்" என்று சொன்னாராம்.

அதற்குப் பிறகு ஒருநாள் சுலைஹா லாபுக்கு வந்தார். கையில் ஏழு வருடத்து வைத்தியத் துண்டுகள்: மட்டக்களப்புக் கிளினிக், இரண்டு தரம் கர்ப்பப்பை சுரண்டியது, பரியாரியாரின் கசாயப் பட்டியல்.

"எனக்கி ஒரு வருத்தமும் கொறையும் இல்ல எண்டு ஒரு தாள் தாங்க."

"அவர்தான் எல்லாருக்கும் செல்லிட்டாரே?"

"அவர் அவர்ர கொறையச் சென்னார். என்னப் பத்தி இன்னும் ஒருதரும் ஒண்டும் செல்லல்ல."

லாபில் அப்படி ஒரு போர்ம் கிடையாது. சேர்ஜனிடம் கொண்டுபோனேன். எல்லாத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதுகிறவர், அன்று தமிழில் எழுதினார்: 'பரிசோதனைகளின்படி இவரிடம் குறை எதுவும் காணப்படவில்லை.' கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பிறந்த ஆண்பிள்ளையின் பையைத் தொட்டுப் பார்க்க மைக்ரோஸ்கோப் தேவையில்லை. ஒரு நிமிடம் போதும். பிள்ளை இல்லையென்று ஒரு பெண் உங்கள் முன் வந்தால், அவளுக்கு ஊசி குத்துவதற்கு முன் கணவன் எங்கே என்று கேளுங்கள்.

சுலைஹா அந்தத் தாளை அங்கேயே நின்று இரண்டு தரம் வாசித்தார். ஏழு வருடத்துத் துண்டுகளை என் மேசையிலேயே விட்டுவிட்டு, அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.