முன்சீப்பின் மூக்கு

நியாயாதிபதிகள் சட்டத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். ஒரு முன்சீப்பின் வீட்டுக்கு வாரம் இரண்டு முறை போய், அவர் மனைவிக்குக் குரோஷா பின்னலும் இங்கிலீஷ் எழுத்தும் சொல்லிக் கொடுத்தவள் நான். அவர் எந்தக் கூடையைத் திருப்பி அனுப்பினார், எந்த ஜன்னலைத் திறந்து வைத்தார் என்பதெல்லாம் கண்ணால் பார்த்தவள். பார்த்தும் என்ன பிரயோஜனம்?

எங்கள் ஊர் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஜெர்மன் சண்டை முடிந்து தோலுக்குக் கிராக்கி ஏறியிருந்த காலம் அது. ஆற்றோரம் பார்த்த இடமெல்லாம் தோல் கிடங்குகள். சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோல், ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறும் தோல், கொடியில் காயும் தோல். ரயிலிலிருந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் ஸ்டேஷனிலேயே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. ஒடுகத்தூரிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வாழ வந்த பெண் முதல் வாரம் முழுக்கச் சோறு இறங்காமல் அழுதாள். பொங்கலுக்குள் சரியாகி, எங்களைப் போலவே வாசலில் உட்கார்ந்து பூக்கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

என்னை வளர்த்தது அத்தை, என் அப்பாவின் அக்கா. மாமா செத்தபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு ஓட்டு வீடும் கொல்லையில் ஒரு கிணறும்தான். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் மாவரைத்து இட்லி விற்றுத்தான் என்னை மிஷன் பள்ளியில் படிக்க வைத்தாள். நானும் அங்கேயே வாத்தியாரம்மா ஆனேன். வண்டிக்காரர்களும் கிடங்கு ஆட்களும் வேறு எங்கும் சாப்பிடாமல் அத்தை வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

பக்கத்து மனையை ஒரு தோல் கிடங்கு முதலாளி வாங்கினார். எங்கள் மதிலை ஒட்டியே சுண்ணாம்புக் குழிகளை வெட்டினார். ஒரு மழைக்காலம் போனதும் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. இட்லி கல்லுப் போல வந்தது. வாயில் வைத்த வண்டிக்காரன் ஒருவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு மீதியை மாட்டுக்குப் போட்டான். அன்று சாயங்காலம் அத்தை சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"குழிய மூடச் சொல்லணும். இல்லன்னா இந்த ஊட்ட உட்டுட்டு நான் எங்க போறது? இன்னா வேல எனக்குத் தெரியும்?" என்றாள்.

தண்ணீர் கெட்டது, துர்நாற்றம் தாங்க முடியவில்லை என்று வக்கீல் பிராது எழுதிப் போட்ட சமயத்தில்தான் புது முன்சீப் மாற்றலாகி வந்தார். கும்பகோணத்துப் பக்கம், ஆசாரமான பிராமணர். பெரிய வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்ல மிஷனிலிருந்து ஆசிரியைகளை அனுப்புவது அப்போது வழக்கம். முன்சீப்பின் மனைவி கேட்டதால் என்னை அனுப்பினார்கள். கூடத்தில் எனக்கென்று தனிப் பாய் உண்டு. நான் எழுந்து போனதும் அந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே சும்மாவா போனேன்? "கண்ண நல்லா தொறந்து வச்சிக்கோடி" என்று சொல்லித்தான் அத்தை அனுப்பினாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான். பிறவியிலேயே சந்தேகப் புத்தி எனக்கு. பால்காரன் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பேன்.

முதல் நாளே மனது குளிர்ந்து போயிற்று. பட்டப்பகலில் அந்த வீட்டு ஜன்னல் எல்லாம் அடைத்துக் கிடந்தது. கூடம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. அந்த அம்மாள் முந்தானை நுனியில் கற்பூரம் முடிந்து வைத்துக்கொண்டு, இரண்டு எழுத்துக்கு ஒரு முறை அதை மூக்கில் வைத்துக்கொண்டாள். கோர்ட்டிலிருந்து வந்த முன்சீப் செருப்பைக் கழற்றும் முன்பே புலம்பினார்.

"இந்த ஊர்ல மனுஷா எப்படித்தான் மூச்சு விடறாளோ! குடலைப் பிடுங்கறது."

நான் வீட்டுக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். "ஜெயிச்சிட்டோம் அத்தை! அவரால ஒரு நிமிஷம் இந்த ஊர்ல இருக்க முடியல" என்றேன். அத்தை அன்று எனக்கு மட்டும் நெய் ஊற்றினாள்.

ஆனால் வழக்கு நகரவில்லை. முதலாளியின் வக்கீல் ஒவ்வொரு முறையும் எழுந்து வாய்தா கேட்டார். முதலாளிக்குக் காய்ச்சல், வக்கீலின் தங்கைக்குக் கல்யாணம், பத்திரம் சென்னையிலிருந்து வரவேண்டும், சாட்சி யாத்திரை போயிருக்கிறான். எங்கள் வக்கீலும் தலையை ஆட்டிச் சரி சரி என்று விட்டுக் கொடுத்தார்.

"பயந்துட்டான்மா. ஓடப் பாக்கறான். ஓடட்டுமே, எவ்ளோ தூரம் ஓடுவான்?" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இவரை அவர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அத்தையிடம் சொன்னேன். "வக்கீலு, குமாஸ்தா, முன்சீப்பு, எல்லாருமே உனுக்குத் திருடனுங்கதான். பேஜார் பண்ணாத போடி" என்றாள்.

முன்சீப்பையும் நான் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் யாரோ மாம்பழக் கூடை அனுப்பினார்கள். அதைத் தொடாமலே திருப்பி அனுப்பினார். பார்த்த எனக்கு அது பிடிக்கவில்லை. சின்னதைத் திருப்பினால் பெரிதாக எதையோ வாங்கப் போகிறார் என்று எண்ணினேன். அடுத்த மாதமே கூடத்தில் பளபளவென்று ஒரு புதுத் தோல் பெட்டி உட்கார்ந்திருந்தது. பின்னல் ஊசியை மடியில் வைத்துவிட்டு அதையே பார்த்தேன்.

"எங்க அண்ணா வேலூர் லாங் பஜார்ல வாங்கினான். அழகா இருக்கு, இல்லியோ?" என்றாள் அம்மாள்.

நான் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை வேலூருக்கு ரயிலேறி, லாங் பஜாரில் கடை கடையாக ஏறி விசாரித்தேன். ஒரு கடைக்காரர், "ஆமாம்மா, முன்சீப் ஐயாவோட மச்சானுன்னு சொன்னாரு. பேரம் பேசியே என் உயிர எடுத்துட்டாரு மனுஷன்" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒன்றும் சிக்கவில்லையே என்று ஏமாற்றமாக இருந்தது.

ஒரு தடவை மட்டும் பாடத்துக்கு நடுவே கிணற்றைப் பற்றி வாய் திறந்தேன். அம்மாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "அவர் வழக்கைப் பத்தி ஆத்துல பேசப்படாதும்மா. கேட்டார்னா நீ இங்க வரவே முடியாது" என்றாள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். மனுஷன் நேர்மையானவர்தான் என்று வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டேன்.

இப்படிப் பெட்டியையும் கூடையையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வீட்டில் வேறு சில காரியங்கள் நடந்தன. சாம்பிராணி வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று ஆயிற்று. முந்தானையில் கற்பூர முடிச்சைக் காணோம். மாடியில் வடாம் காய்ந்தது. ஒரு நாள் போனபோது ஜன்னல்கள் அத்தனையும் விரியத் திறந்திருக்க, ஆற்றுப்பக்கத்துக் காற்றில் காலை நீட்டி உட்கார்ந்து முன்சீப் வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது, காற்றுக்குத் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மாள் நிறைமாதமாகும் முன் பிரசவத்துக்குப் பிறந்தகம் போனாள். என் பாடமும் நின்றது.

வழக்கு விசாரணைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆச்சரியமாக, முதலாளியின் வக்கீல் இந்த முறை வாய்தா கேட்கவில்லை. அத்தையைக் கூண்டில் நிறுத்தி மரியாதையாகவே கேட்டார்.

"ஏம்மா, இந்தக் கோர்ட்டுக்குப் பின்னாடியே ஒரு தோல் கிடங்கு இருக்கு. இப்போ இங்க உங்களுக்கு நாத்தம் அடிக்குதா?"

அத்தை மூக்கை நிமிர்த்தி நன்றாக முகர்ந்தாள். சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நிற்கிறவள் அல்லவா? "இல்லீங்களே" என்றாள்.

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. முன்சீப் அதை எழுதிக்கொண்டார்.

இரண்டு பக்கத்துச் சாட்சிகளும் ஆளுக்கொரு பக்கம் அடித்துச் சொன்னதால், நேரில் வந்து பார்ப்பதாக முன்சீப் சொன்னார். வந்தார். கொல்லையில் என்னைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. நான் வாதியின் தம்பி மகள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அத்தை ஒரு குடம் இறைத்து வைத்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீரை வாயில் வைக்க அவருடைய ஆசாரம் இடம் கொடுக்குமா? கூட வந்த டவாலிச் சேவகனைக் குடித்துப் பார்க்கச் சொன்னார். அவன் கைநிறைய வாங்கிக் குடித்து, "நல்லாத்தான்ங்க இருக்குது" என்றான். படுபாவி, முதலாளியிடம் காசு வாங்கிவிட்டான் என்று நினைத்தேன். முன்சீப் மதிலோரம் போய்ச் சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் நின்றார். நான் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். அவர் நிதானமாக இரண்டு தடவை மூச்சை இழுத்து விட்டார். கைக்குட்டை வெளியே வரவே இல்லை.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. வக்கீல் படித்துச் சொன்னார். அந்த இடத்தில் தாமே நின்று பார்த்ததாகவும், குறை சொல்லத்தக்க துர்நாற்றம் எதையும் தாம் உணரவில்லை என்றும், தண்ணீர் குடிக்கத் தகுந்ததே என்றும் முன்சீப் எழுதியிருந்தார். பிராது தள்ளுபடி. முன்சீப்பே கண்ணால் பார்த்து எழுதியதை மேல் கோர்ட்டில் அசைக்க முடியாது என்றார் வக்கீல். அத்தை நேராகக் கிளம்பினாள். வீட்டுக்கு வந்து அடுப்பு மேடையில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவள் அப்படி அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எவ்வளவு வாங்கியிருப்பார் என்பதுதான் எனக்கு அன்றைக்கெல்லாம் யோசனை.

சில நாள் கழித்து அந்த டவாலியே வாசலில் வந்து நின்றான். முன்சீப் மனைவி கைக்குழந்தையோடு மறுநாள் வருகிறாள், பாடம் தொடர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி நல்லா இருக்குதுன்னு சொன்னியே, எவன்யா உனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

அவன் நிஜமாகவே விழித்தான். "இன்னாம்மா இப்பிடிக் கேக்கறீங்க? எங்க ஊட்டுக் கெணத்துல வந்து குடிச்சிப் பாருங்க. உங்குளுது தேவலாம்மா, அதுல உப்பு கம்மி."

கிளம்பினவன் மறுபடி நின்று தலையைச் சொறிந்தான்.

"அந்தக் கிடங்கு மொதலாளியோட வக்கீலு ரொம்ப நாளா இப்பிடித்தாம்மா. கிடங்கு கேஸு எதுவும் புது முன்சீப்புகிட்ட நடத்தவே மாட்டாரு. 'ஐயாவ மொதல்ல ஊறப் போடணும்யா'ன்னு குமாஸ்தாங்ககிட்டச் சொல்லிச் சிரிப்பாரு. எனக்கு அப்ப அர்த்தம் புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. காய்ச்சல், கல்யாணம், யாத்திரை, அத்தனையும் முன்சீப்பின் மூக்கை ஊறப் போட்ட சுண்ணாம்புக் குழி. எங்கள் வக்கீலும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

மறுநாள் எனக்குப் போக மனமில்லை. "புள்ள இன்னாடி பாவம் பண்ணுச்சி?" என்று, நான் முன்பே பின்னி வைத்திருந்த குல்லாயைக் கையில் திணித்து அத்தைதான் அனுப்பினாள். நான் போய்ச் சேரவும் ஸ்டேஷன் ஜட்கா வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. முன்சீப் திறந்த ஜன்னல்களுக்கு நடுவே வாசற்படியில் சிரித்த முகமாக நின்றார். அம்மாள் குழந்தையோடு காலைக் கீழே வைத்தாள். வைத்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தாள்.

"ஐயோ, என்ன நாத்தம் இது! புதுசா ஏதாவது கிடங்கு வந்திருக்கா?"

"ஒண்ணும் வரலையே. நாத்தமா? எங்கே?" என்றார் முன்சீப்.

"உங்களுக்குத் தெரியலையா? வயத்தைப் புரட்டறதே! இதுலயா நாம இத்தனை நாள் இருந்தோம்?"

முன்சீப் தலையை உயர்த்தி மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். இரண்டு படி இறங்கித் தெருவுக்கே வந்து நின்று இழுத்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. அப்போது என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்குப் போய்வந்த நாட்களில் அவர் என்னிடம் நேராகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"உனக்குத் தெரியறதாம்மா?"

தெரிகிறது என்று சொல்லிவிட வேண்டும் போல நாக்கு துடித்தது. எங்கள் கிணற்றை மண்ணாக்கிவிட்டாயே என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

அவர் உள்ளே போனார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது.